என்ற விரலுக்கு எல்லாம் தெரியும்

அட, இப்ப ரெண்டு பட்டனைச் சேத்து அமுக்குனியே கண்ணு, அது கன்ட்ரோல் எஸ்தான? பாத்தேன், பாத்தேன். வரிக்கு ஒருக்கா அமுக்கறே. நல்ல பழக்கம். நான் ஒண்ணும் எட்டிப் பாக்கல. பஸ் ஜன்னலைப் பாத்தேன், நடுவுல நீ இருந்தே, அவ்வளவுதான். உன்ற கம்ப்யூட்டர்ல என்ன இருந்தா எனக்கென்ன? ஆனா அந்த மேனேஜருக்கு இவ்வளவு பணிஞ்சு எழுத வேண்டியதில்ல. சரி, நீ எழுது.

நானும் கம்ப்யூட்டர்காரிதான், தெரியுமா? பேரு கோகிலவாணி. கோயமுத்தூர்ல கணபதிப் பக்கம் ஒரு கிரைண்டர் கம்பெனி. மாவாட்டற கிரைண்டர். கம்பெனி பேரு சொல்ல மாட்டேன், மொதலாளிக்கு ஆகாது. அங்க பில்லு, ஸ்டாக்கு, டீலருங்களுக்கு மெசேஜ் அனுப்பறது, எல்லாம் நான்தான். இப்ப லீவுல போறேன். ரெண்டு மாசம்! ஓசூர்ல என்ற மவ பிரதீபாவுக்கு ரெண்டாவது பிரசவம். டாக்டரம்மா அடுத்த வாரம்னு சொல்லியிருக்கறாங்க.

ரெண்டு மாசம்னு சாதாரணமா சொல்லிட்டேன் பாரு. அந்தக் கம்பெனியில சேந்ததுல இருந்து ரெண்டு நாள் சேந்தாப்பல நான் லீவு எடுத்ததில்ல. குடுக்க மாட்டேன்னு யாரும் சொல்லல. நான் எடுத்தா கம்பெனி நின்னு போகும். பெருமைக்குச் சொல்லல கண்ணு, உள்ளதைச் சொல்றேன்.

எங்ககிட்ட இருக்கறது மூணு சாப்ட்வேர். பில்லுப் போடறது மொதலாளியோட மச்சான் பையன் காலேஜ்ல படிக்கறப்ப செஞ்சு குடுத்தது. ஸ்டாக் பாக்கறது பீளமேட்டுல ஒருத்தர் வித்தது, அவரு இப்ப பேக்கரி வெச்சிருக்கறாரு. மெசேஜ் அனுப்பறது யாரோ நாலு பசங்க பரீட்சைக்குச் செஞ்சது. மூணும் மூணு வயித்துப் பிள்ளைக. பில்லுல சேவ் பண்ணோணும்னா எஃப் டென். அதே எஃப் டென்னை ஸ்டாக்குல அமுக்குனா அடிச்ச வரி அழிஞ்சு போயிரும். ஸ்டாக்குல சேவ் பண்ண கன்ட்ரோல் ஈ. ஏன் ஈ? அதைப் பேக்கரிக்காரரைத்தான் கேக்கோணும். மெசேஜ்ல கன்ட்ரோல் எஸ் அமுக்குனா சேவ் ஆகாது, போயிரும். நேரா தமிழ்நாடு பூராவும் இருக்கற டீலருங்க போன்ல போய் விழுந்துரும்.

மவுஸா? மவுஸை யாரு தொடுவா? முன்னாடி டீலர் நிக்கறாரு, வெளிய டெம்போக்காரன் ஹாரன் மேல கையை வெச்சுட்டு உக்காந்திருக்கறான். அங்க போய் அம்பைத் தேடி, இழுத்து, அமுக்கி... பொழுதே போயிரும். எல்லாமே விரல்தான். மூணு சாப்ட்வேரும் என்ற விரலுக்குத் தெரியும். என்னைக் கேட்டா எனக்குத் தெரியாது, விரலைக் கேட்டாத் தெரியும்.

மத்தவங்களுக்குத் தெரியாது. முன்னாடி உக்காந்திருக்கற மைதிலி, குடோன்ல ஸ்டாக் ஏத்தற தங்கவேல், எல்லாரும் எப்பப் பாரு அக்கா, அக்காதான். "அக்கா, ஸ்டாக்குல சேவ் எது?" "அக்கா, பிரிண்ட் அமுக்குனா பழைய கணக்குக்குப் போகுது!" "அக்கா, இதுல இருந்து எப்பிடி வெளிய வாறது?" தொல்லையான தொல்லை. ஒரு வாய் டீ சூடாக் குடிக்க விட மாட்டாங்க. கக்கூசுக்குப் போனாலும் கதவைத் தட்டிக் கேட்டிருக்கறாங்க. ஒரு நாள் வேணும்னே வாயைத் தொறக்காம உக்காந்திருந்தேன். தங்கவேல் கையைப் பிசைஞ்சுட்டு நின்னாப்ல, பாவமாப் போச்சு, சொல்லிட்டேன்.

கத்துக் குடுத்திருக்கலாமேன்னு நீ கேப்பே. குடுத்தேனே! அவியளுக்கு ஏறல. மைதிலி ஒருக்கா எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி செவுத்துல ஒட்டுனா. ஆபீஸ் செவுத்துல பேப்பர் ஒட்டுனா நல்லாவா இருக்குது? வாறவங்க என்ன நெனப்பாங்க? நான்தான் கிழிச்சுப் போட்டேன். எனக்குச் சுத்தம் முக்கியம்.

இதுல என்ற மவளுக்கு என்ற மேல தீராத கோவம். மொதல் பிரசவம் எங்க வீட்டுல வெச்சுத்தான். கோயமுத்தூர்லயே ஆஸ்பத்திரி. உள்ள அவ வலியில கத்தறா, வெளிய நான் போன்ல கத்தறேன். "தங்கவேலு, எஃப் டென் வேண்டாம்! ஸ்டாக்குல எஃப் டென்னைத் தொடாதே! அழிஞ்சிருச்சா? கடவுளே, எத்தனை வரி?" அங்க சத்தமாப் பேசக்கூடாதுன்னு நர்ஸம்மா வெரட்டுனாங்க, மாடிப்படிக்குப் போனேன். பேசி முடிச்சு மேல வாறேன், பேரன் பொறந்தாச்சு. சம்பந்தியம்மா கையில இருக்கறான். பிள்ளையை மொதல்ல வாங்கறதுக்குப் பெத்தவளோட அம்மாளைக் கூப்பிட்டிருக்கறாங்க, ஆளைக் காணோம். சம்பந்தியம்மா இன்னிக்கு வரைக்கும் "நான்தான் மொதல்ல வாங்குனேன்"னு ஒறம்பரை, சொந்தக்காரங்கன்னு யாரு வந்தாலும் சொல்லும். சொல்லிட்டுப் போகட்டும். ஆனா பிரதீபா சொன்னா பாரு ஒரு வார்த்தை. "அம்மா, அடுத்ததுக்கு நான் உங்க வீட்டுக்கு வர மாட்டேன். இங்கயே வெச்சுக்கறேன். நீ வந்தா அம்மாவா வா, கம்பெனியைத் தூக்கிட்டு வாறதுன்னா வராதே"ன்னுட்டா. அது நெஞ்சுல முள்ளு மாதிரி நின்னு போச்சு கண்ணு. பெத்த மவ சொல்றா!

அவ ரெண்டாவது உண்டான நேரத்துலதான் மொதலாளி மகனுக்குக் கல்யாணம் ஆகி நிரஞ்சனா வந்துச்சு. பெங்களூர்ல சாப்ட்வேர் கம்பெனியில இருந்த புள்ள. அங்க அதுக்கு வேலையே, திரையில எந்தப் பட்டன் எங்க இருக்கோணும், எந்தக் கீ அமுக்குனா என்ன நடக்கோணும்னு முடிவு பண்ணறதாம். அதுக்கெல்லாம் ஒரு வேலை பாரு! நல்ல புள்ளதான். அது மேல எனக்கு ஒரு கோவமும் கெடையாது. ஆனா வந்த மூணாம் நாளு என்ற முதுகுக்குப் பின்னாடி ஒரு சேரைப் போட்டு உக்காந்துட்டுது. நான் அடிக்க அடிக்க என்ற கையையே பாக்குது. சமைக்கறப்ப மாமியார் பின்னாடி நின்னா எப்பிடி இருக்கும், அப்பிடி இருந்துச்சு.

"ஏங்க்கா, ஒரே வேலைக்கு மூணு எடத்துல மூணு கீயா?"ன்னு கேட்டுச்சு.

"ஆமாங்க அம்மிணி. மூணும் வேற வேற சாப்ட்வேர்."

"எல்லாத்துக்கும் ஒரே கீ வெச்சிட்டா என்னங்க்கா? சேவ்னா எங்கயும் ஒண்ணு. பிரிண்ட்னா எங்கயும் ஒண்ணு. வெளிய வாறதுக்கு எங்கயும் ஒண்ணு."

எனக்குச் சுருக்குன்னுச்சு. "ஏனுங்க அம்மிணி, உங்க வீட்டுல சமையக்கட்டுக்கும் குளிக்கற ரூமுக்கும் ஒரே குழாயா?"ன்னு கேட்டேன்.

"ரெண்டு குழாயுங்க்கா. ஆனா ரெண்டும் ஒரே பக்கந்தான் திருகுது."

பதில் பேசற புள்ள! மைதிலி அந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்கறா. பெரிய எடத்து மருமக, நாம என்ன சொல்றது? நேரா மொதலாளிகிட்டப் போய், "எல்லாம் ஒண்ணாயிட்டா ரகசியம் போயிருமுங்க, வாறவன் போறவனெல்லாம் பில்லுப் போட்டுருவான்"னு மட்டும் சொன்னேன். கம்பெனி நன்மைக்குத்தான். அவரு, "அது நல்லதுதானம்மா?"ன்னாரு. மருமக பேச்சைக் கேட்டுக் கெட்டுப் போயிட்டாரு மனுசன்.

சரி, ஒரே கீன்னா எந்தக் கீ? அதுக்கு அது ஒண்ணு பண்ணுச்சு பாரு. எல்லாரையும் ஒவ்வொருத்தரா கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வெச்சு, கண்ணை மூடச் சொல்லிருச்சு. "அடிச்சு முடிச்சாச்சு. இப்ப சேவ் பண்ணுங்க. யோசிக்காதீங்க"ங்குது. விரல் போய் எங்க விழுகுதோ அதுதான் கணக்கு. மைதிலிக்கு விரல் கன்ட்ரோல் எஸ்-க்குப் போச்சு. தங்கவேலுக்கும் அதே. மெக்கானிக், டிரைவர், ஆர்டர் எழுதற அம்மிணி, எல்லாருக்கும் அதே! ஏன்னா வீட்டுல, வெளிய, எங்க கம்ப்யூட்டரைத் தொட்டாலும் அதைத்தான் அமுக்கறாங்களாம். எங்க ஆபீஸ்லதான் அது இல்ல. மொதலாளியையும் கண்ணை மூடச் சொன்னாங்க. அவரு விரல் தடவித் தடவிப் போய் நின்ன எடம் கரண்ட்டு ஆஃப் பண்ணற பட்டன். ஆபீசே குலுங்கிச் சிரிச்சுது.

என்ற முறை வந்துச்சு. அது "சேவ்"னு வாயைத் தொறக்கறதுக்குள்ள என்ற விரல் எஃப் டென்ல விழுந்துருச்சு. வெசையில பாத்தா நான்தான் மொதல்! ஆனா அதை யாரு கணக்குல எடுத்தா? கன்ட்ரோல் எஸ்தான்னு முடிவு பண்ணிட்டாங்க. ஓட்டுப் போட்டு முடிவு பண்ணறதுக்கு இதென்ன வார்டு எலெக்சனா? தெரிஞ்ச ஒருத்தி சொல்றது பெருசா, தெரியாத பத்துப் பேரு சொல்றது பெருசா, நீயே சொல்லு. ம்? நீயும் அவிய பக்கந்தானா? படிச்ச புள்ளைகளே அப்பிடித்தான்.

மொதல்ல பில்லையும் ஸ்டாக்கையும் மாத்துனாங்க. நானும் மனசைக் கல்லாக்கிட்டுப் பழகுனேன் கண்ணு. சும்மா சொல்லக்கூடாது, ராவும் பகலும் பழகுனேன். சோத்துத் தட்டோரத்துல ரெண்டு விரலை வெச்சு அமுக்கிப் பாத்துட்டு இருந்திருக்கறேன் போல. எங்க வீட்டுக்காரரு, "ஏன் வாணி, ரசத்தை சேவ் பண்ணறியா?"ன்னு கேட்டாரு. அப்பிடிப் பழகுனேன். அப்பிடிப் பழகுனதுதான் வெனையாப் போச்சு.

தீவாளி நோம்பி நெருங்குது. டீலருங்களுக்கு ஆஃபர் மெசேஜ் அனுப்போணும். நான் அடிக்கறேன். "தீபாவளியை முன்னிட்டு நமது டீலர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு டேபிள் டாப் கிரைண்டர் இலவசம்." அடுத்த வரி, "ஐம்பது கிரைண்டருக்கு மேல் எடுப்பவர்களுக்கு மட்டும்." அந்த அடுத்த வரி என்ற மனசுல இருக்குது. மொத வரி முடிஞ்சுது. விரல் என்ன பண்ணும்? புதுசாப் பழகுன விரலாச்சே! கன்ட்ரோல் எஸ்.

நான் தப்புப் பண்ணல கண்ணு, விரல் பண்ணிருச்சு. மெசேஜ் சாப்ட்வேரை இன்னும் மாத்தல, திங்கக்கிழமை வரைக்கும் அதுல கையை வெக்காதீங்க்கான்னு நிரஞ்சனா சொல்லுச்சாம். சொல்லியிருக்கலாம். எனக்கு இருக்கற வேலையில எதைன்னு காதுல வாங்கறது?

கொஞ்ச நேரத்துல போன் அடிக்க ஆரம்பிச்சுது பாரு! அறந்தாங்கி டீலர் போன்லயே அழுகறாரு. இத்தனை வருசத்துல எங்களை நெனச்சுப் பாத்த ஒரே கம்பெனி நீங்கதான்கறாரு. கரூர்க்காரரு அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ளயே கடை முன்னாடி மொதலாளி படம் போட்டு ஃபிளெக்ஸ் வெச்சுட்டாரு. பொள்ளாச்சிக்காரரு டெம்போவே கொண்டாந்துட்டாரு. இனாம்னா சும்மாவா? மொதலாளி ஒண்ணும் புரியாம, "யாரு அனுப்புனது இதை?"ன்னு கேக்கறாரு. "சாப்ட்வேருங்க"ன்னேன். பொய்யில்லையே அது.

உள்ளுக்குள்ள எனக்குக் கொஞ்சம் சந்தோசந்தான். எந்திரிச்சு நின்னு, "பாத்தீங்களா, எல்லாத்துக்கும் ஒரே கீன்னா இப்பிடித்தான் ஆகும், நான் அப்பவே சொன்னேன்"னு சொன்னேன். நிரஞ்சனா என்னைத் திட்டல. "இல்லீங்க்கா. ரெண்டுல ஒண்ணாவும் மூணாவதுல வேறயாவும் இருந்ததாலதான் ஆச்சு. பாதி மாத்திட்டு விட்டது என்ற தப்பு"ன்னுச்சு. மொதலாளி போனை எடுத்து அந்த மெசேஜை ஒருக்கா படிச்சாரு. அப்புறம், "நம்ம பேருல போனா நம்ம வார்த்தைதான். ஆளுக்கு ஒண்ணு அனுப்பி வெய்யுங்க. அந்த மூணாவதையும் இன்னிக்கே மாத்திருங்க"ன்னுட்டாரு. தங்கமான மனுசன்.

இனாமா வாங்குன டீலருங்களுக்குக் கூச்சமாப் போச்சு போல. மத்த கம்பெனி சரக்கை ஓரங்கட்டிட்டு எங்களுதையே எடுத்தாங்க. அந்த நோம்பிக்கு ஓடுன மாதிரி வேற எந்த நோம்பிக்கும் கிரைண்டர் ஓடல. அதுக்கு யாரு காரணம்? யாரும் சொல்ல மாட்டாங்க. நானும் வாயைத் தொறந்து சொல்லிக்கறதில்ல.

மூணும் ஒண்ணாச்சு. அப்புறந்தான் கண்ணு எனக்குப் பிடிச்சுது கெரகம். ஆபீஸ்ல சத்தமே இல்ல. யாரும் அக்கான்னு கூப்பிடறதில்ல. டீ வந்தா சூடாக் குடிக்கறேன். சூடாக் குடிச்சா நாக்கு வெந்து போகும்னு அப்பத்தான் தெரிஞ்சுது. ஒரு நாள் மைதிலியை என்ற சீட்டுல உக்கார வெச்சாங்க. நான் பின்னாடி நின்னேன். எதாச்சும் கேப்பா, எதாச்சும் கேப்பான்னு மத்தியானம் வரைக்கும் நின்னேன். பில்லு போட்டா, ஸ்டாக்கைத் தொறந்தா, மெசேஜ் அனுப்புனா. எல்லாத்துலயும் சட்டுச் சட்டுன்னு கை போகுது. திரும்பிப் பாத்து, "ஏங்க்கா நின்னுட்டே இருக்கறீங்க, கால் வலிக்காதா?"ன்னு கேட்டா. அவ்வளவுதான் கேட்டா.

எனக்குப் பொக்குன்னு போச்சு. அழுகையா வந்துருச்சு. நேரா நிரஞ்சனா ரூமுக்குப் போனேன். "அம்மிணி, என்னை வீட்டுக்கு அனுப்பறதுன்னா நேரா சொல்லிப் போடுங்க. இப்பிடிச் சுத்தி வளைக்க வேண்டாமுங்க"ன்னேன்.

அது எந்திரிச்சு வந்து, "அக்கா, உங்க பொண்ணுக்கு எப்ப டேட் குடுத்திருக்கறாங்க?"ன்னு கேக்குது.

"அது எதுக்குங்க இப்ப?"

"வந்த மொத வாரமே மைதிலிக்காவும் தங்கவேலண்ணாவும் எங்கிட்ட வந்தாங்கக்கா. அக்காளுக்குப் பேரன் பொறந்தப்ப எங்களாலதான் பக்கத்துல இருக்க முடியல, இந்தத் தடவையாச்சும் இருக்கோணும், அக்கா இல்லாம நாங்க வேலை பாக்கற மாதிரி எதாச்சும் பண்ணுங்கன்னாங்க. அதுக்காகத்தான் இத்தனை அவசரம். அந்த அவசரத்துலதான் பாதியில விட்டு, மெசேஜும் போயிருச்சு. ரெண்டு மாசம் எழுதிக் குடுங்க. ஆனா முடிஞ்சதும் வந்தே ஆகோணும். இந்த டீலருங்களை எங்களுக்குச் சமாளிக்கத் தெரியாது."

பாத்தியா அநியாயத்தை? என்னைப் பத்தி, என்ற மவளைப் பத்தி, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, என்ற முதுகுக்குப் பின்னாடி என்னென்ன பேசியிருக்கறாங்க! நான் நல்லாத் திட்டி விட்டேன். திட்டிட்டே அழுதேன். மைதிலியும் அழுதா. தங்கவேல் எதுக்கு அழுதாப்லன்னு தெரியல, கூட நின்னு அழுதாப்ல.

கிருஷ்ணகிரி வந்துருச்சா? அப்ப இன்னும் கொஞ்ச நேரந்தான். அங்க போனதும் இந்தப் போனுக்கு வேலை இல்ல. ஆபீஸ் போன் வந்தா எடுக்க மாட்டேன்னு பிரதீபா என்ற பேரன் தலையில கையை வெச்சு சத்தியம் வாங்கியிருக்கறா. எடுக்கவும் மாட்டேன். காத்தால இருந்து ஒரு போனும் வரல, அது வேற. வந்தாலும் எடுக்க மாட்டேன்.

ஐயோ. பாரு. நாக்குல சனி. ஆபீஸ் நம்பர். எதையோ அழிச்சுப் போட்டாங்களாட்டம் இருக்குது. நான் எடுக்கக்கூடாதே! அடிச்சிட்டே இருக்குதே... கண்ணு, நீ எடு. நீ எடுத்தா சத்தியத்துல சேராது. பயப்படாதே, நீயே பதில் சொல்லலாம், இப்ப யாரு வேணும்னாலும் சொல்லலாம். சேவ் எதுன்னு கேட்டா கன்ட்ரோல் எஸ். பில்லா ஸ்டாக்கான்னு நீ கேக்கவே வேண்டாம், எல்லாத்துக்கும் அதேதான். எடு எடு, கட்டாயிரப் போகுது.

என்ன சொல்றாங்க? சேவா? பிரிண்ட்டா? அதெல்லாம் இல்லையா? பின்ன என்னவாம்? நான் சாப்பிட்டனான்னா? மைதிலியா கேக்கறா? தயிர்சோறு கட்டி வெச்சது கெட்டுப் போயிரும், சீக்கிரம் சாப்பிடச் சொல்லுன்னா? வேலை... வேலையெல்லாம் நடக்குதாமா? நல்லா நடக்குதாமா. எல்லாரும் சுத்தி நிக்கறாங்களா? தங்கவேலுமா?

குடு கண்ணு, இங்க குடு. ஆபீஸ் போனைத்தான எடுக்கக்கூடாதுன்னா என்ற மவ? இது ஆபீஸ் போன் இல்ல, ஒறம்பரை போனு.

மைதிலி, அக்காதான் சாமி பேசறேன். நீங்கெல்லாம் சாப்பிட்டீங்களா?